தொந்தரவு தராத பிள்ளை

அண்மையில் நெருங்கிய தோழி ஒருத்தியுடன் பேசிக்கொண்டிருந்தேன். அவளுடைய மூத்த மகனுக்கு ஏடிஹெச்டி (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) இருப்பது உறுதியாகிச் சில மாதங்கள் ஆகின்றன. மருத்துவர், பள்ளி, மாத்திரை, பயிற்சி என்று நீண்ட நேரம் சொல்லிவிட்டு, இளைய மகளைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "நல்ல வேளை, சின்னவளால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள்." அதில் பெருமை இருந்தது, களைத்துப்போன ஒரு தாய்க்குக் கிடைத்த ஆறுதலும் இருந்தது. குறை சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. என் சிறுவயது முழுவதும் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதும் அதுதான். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனுக்கு ஏடிஹெச்டி. அந்த வீட்டின் தொந்தரவு தராத பிள்ளை நான்.

ஏடிஹெச்டி உள்ள குழந்தையை வளர்ப்பது பற்றி எழுதப்படுபவற்றைத் தேடித் தேடிப் படிக்கிறவள் நான். பெற்றோர் எப்படிப் பேச வேண்டும், ஆசிரியர் அந்தக் குழந்தையை எங்கே உட்கார வைக்க வேண்டும், மருந்து எப்போது தேவைப்படும் என்பதெல்லாம் விரிவாகவே கிடைக்கின்றன. கூடப் பிறந்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசியில் ஒரு பத்தி. அதுவும் "மற்றக் குழந்தைக்கென்று தினமும் சிறிது நேரம் தனியாக ஒதுக்குங்கள்" என்பதோடு முடிந்துவிடும். நல்ல ஆலோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி நேரம் ஒதுக்கப்பட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அம்மா இரவில் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். விடுமுறை நாட்களில் அப்பா என்னை மட்டும் தனியாக அழைத்துக்கொண்டு நடக்கப் போவார். அன்புக்கோ நேரத்துக்கோ எனக்குக் குறைவே இருந்ததில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலேயே என்னிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டும்தான் என்னை வாட்டின. தோழியின் சின்ன மகளை நினைத்து எனக்குக் கவலை வருவதும் இந்த இரண்டினால்தான்.

படிவத்தில் இடம்பெறாத சாட்சி

ஏடிஹெச்டியை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்திருக்க வேண்டும், ஒரே ஓர் இடத்தில் மட்டுமல்லாமல் வீடு, பள்ளி என்று இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும். ஆகவே பெற்றோருக்கு ஒரு வினாப்படிவம், ஆசிரியருக்கு ஒரு வினாப்படிவம் என்று கொடுக்கிறார்கள். 'தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறான்', 'பொருட்களை அடிக்கடித் தொலைக்கிறான்' என்பன போன்ற வரிகளுக்கு எதிரே 'எப்போதாவது', 'அடிக்கடி', 'எப்போதும்' என்று குறிக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளாக இருந்தால் அவர்களே நிரப்பும் படிவமும் உண்டு. கூடப் பிறந்தவருக்கென்று ஒரு படிவத்தை யாரும் நீட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் குழந்தையோடு ஒரே அறையில் தூங்கி, ஒரே வண்டியில் பள்ளிக்குப் போய், ஒரே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுகிற ஒருத்தி இருக்கிறாள். பெரியவர்கள் அறைக்குள் நுழைவதற்கு முந்திய கணத்தில் என்ன நடந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். விளையாட்டில் தோற்றால் அண்ணனின் காது மடல் முதலில் சிவக்கும், பிறகுதான் பலகை பறக்கும் என்பது எனக்குத் தெரியும். கத்தி ஓய்ந்த பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அவன் அழுவான் என்பதும் எனக்குத் தெரியும். குழாய்ச் சத்தம் மட்டும்தான் அம்மாவுக்குக் கேட்கும்.

1999இல் ஜூடி கெண்டல் என்ற ஆய்வாளர் இந்தப் பிள்ளைகளிடமே போய்க் கேட்டார். பதினொரு குடும்பங்களை வைத்து அவர் செய்த ஆய்வில் மூன்று இழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, தாங்கள் தாக்கப்படுகிறோம் என்ற உணர்வு. அடி மட்டுமல்ல, பறிப்பு, இடையூறு, ஓயாத சீண்டல் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது, கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தங்கள்மேல் விழுந்திருப்பது. மூன்றாவது, எதையோ இழந்துவிட்ட துயரம். தங்களுக்கு நேர்வதைப் பெற்றோர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் அந்தப் பிள்ளைகள் உணர்ந்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அண்ணன் தங்கை சண்டை போட்டுக்கொள்வதுதானே என்று பெரியவர்களுக்குத் தோன்றுகிறது. சண்டையின் வடிவம் ஒன்றுதான். ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு எதிர்பாராமல் வருகிறது என்பது வேறு. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காக ஒரு குழந்தை நாள் முழுவதும் ஆயத்தமாக இருப்பது, ஒரு நாளைக்கு இரண்டு முறை சண்டை போடுவதைப் போன்றதாகாது.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு

மருந்தைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத ஒன்று உண்டு. ஏடிஹெச்டிக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் குறுகிய நேர வகை ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். நீண்ட நேர வகைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை தாங்கும். பிற்பகலுக்கு மேல் கொடுத்தால் தூக்கம் கெடும், இரவில் பசியெடுக்காது. எனவே பள்ளி நேரத்தை மையமாக வைத்தே அளவும் நேரமும் அமைகின்றன. மருந்தின் வேகம் இறங்கும்போது சில குழந்தைகளுக்கு எரிச்சலும் பரபரப்பும் முன்பிருந்ததைவிடக் கூடுதலாகத் தலைதூக்கும். அந்த நேரத்தில் ஆசிரியர் இல்லை. பெற்றோரில் ஒருவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். இருப்பவள் தங்கை. நாளின் நல்ல பகுதி பள்ளிக்கும், இறங்குமுகமான பகுதி வீட்டுக்கும் என்று பிரிந்துவிடுகிறது. "இப்போதெல்லாம் எவ்வளவோ பரவாயில்லை" என்று ஆசிரியர் சொன்ன அண்ணனும், மாலையில் என் எதிரே உட்கார்ந்த அண்ணனும் எனக்கு வேறு வேறு ஆட்களாகத் தெரிந்தார்கள். மருந்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பக்கத்தை முழுவதுமாக வாசித்து முடித்துவிட்டு அவன் தலைநிமிர்ந்து சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது மாத்திரை தொடங்கிய பிறகுதான். அந்தச் சிரிப்பை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மருந்து தீரும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வியை மருத்துவரிடம் பெற்றோர் எழுப்ப வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த மாலைகளுக்கென்று நான் வழிகளைக் கற்றுக்கொண்டேன். வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துவிடுவேன். பென்சில் பெட்டியைத் துணி அலமாரிக்குள் வைத்துக்கொள்வேன். விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பேன். அதையும் அவன் கண்டுபிடித்துவிடாதபடி தோற்பேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும் கதைக்குள் அவன் புகுந்து வேறு கதைக்கு இழுத்துக்கொண்டு போனால் என் கதையை அப்படியே விட்டுவிடுவேன். பெரியவர்கள் இதையெல்லாம் அனுசரித்துப் போகும் குணம் என்று மெச்சினார்கள். ஒருமுறை பள்ளிக்காகப் பெரிய தாளில் உலக வரைபடம் ஒன்றைப் பல நாள் உட்கார்ந்து வரைந்தேன். அம்மா அதை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். கொண்டுபோக வேண்டிய நாளன்று காலையில் எழுந்து பார்த்தால் நெடுக்காக இரண்டாகக் கிழிந்து கிடந்தது. அண்ணன் எதுவும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவன் வேண்டுமென்று செய்யவில்லை அம்மா, அவனால் கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம் அது. பெரும்பாலான சமயங்களில் உண்மையும் அதுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. வேண்டுமென்று செய்யாதவன்மேல் கோபப்படுவது தவறு என்றால் கோபப்படுகிற நான்தான் கெட்டவள் என்று ஒரு குழந்தை முடிவுக்கு வருவதற்கு அதிக நேரம் ஆகாது.

தங்கை அக்காவாகும்போது

மூத்த பிள்ளைக்கு ஏடிஹெச்டி இருக்கும் வீடுகளில், இளைய பிள்ளைக்கு அது இருக்கும் வீடுகளில் நேராத ஒன்று நேர்கிறது. அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஷாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007இல் மூளைப் படங்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூளையின் வெளியடுக்கான புறணியின் பெரும்பகுதி தன் உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்றக் குழந்தைகளுக்கு 7.5 ஆக இருக்க, ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளுக்கு அது 10.5 ஆக இருந்தது. வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான், காலம்தான் தள்ளிப்போகிறது. திட்டமிடுதலுக்கும் கவனத்தை நிறுத்துவதற்கும் அடிப்படையான முன்பகுதிகளில் இந்தத் தாமதம் கூடுதலாகத் தெரிந்தது. ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் பெற்றோருக்குத் தோராயமான கணக்கு ஒன்றைச் சொல்வது வழக்கம்: தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளும் திறனில் இந்தக் குழந்தைகள் தம் வயதுக்குச் சுமார் 30 விழுக்காடு பின்தங்கியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் 12 வயதுச் சிறுவனிடம் எட்டரை வயதுக் குழந்தையின் நிதானத்தைத்தான் எதிர்பார்க்க முடியும். அறிவில் அவன் பன்னிரண்டாகவோ பதினைந்தாகவோகூட இருப்பான். பையை அடுக்குவதில், காத்திருப்பதில், ஆத்திரத்தை விழுங்குவதில்தான் எட்டரை.

இரண்டு வயது இளைய தங்கை இந்தக் கணக்கில் எப்போதோ ஒரு நாள் அவனைத் தாண்டிவிடுகிறாள். அந்த நாளை யாரும் குறித்துவைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் பொறுப்புகள் ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்ந்தன. காலையில் அவனை எழுப்புவது, அவன் பையில் எல்லாப் புத்தகங்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பது, மாத்திரையை விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்வது, இடைவேளையில் அவன் யாருடனும் மோதாமல் இருக்கிறானா என்று தொலைவிலிருந்து கவனிப்பது, அவனுடைய ஆசிரியர் என் வகுப்புக்கே வந்து கொடுக்கும் குறிப்பைப் பத்திரமாக வீட்டில் சேர்ப்பது. யாரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'இதெல்லாம் இனி உன் வேலை' என்று சொன்னதில்லை. ஒரு நாள் நான் செய்தேன். மறுநாள் அது எதிர்பார்ப்பானது. குடும்பச் சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின், பெற்றோரின் இடத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளும் பிள்ளையைப் பற்றி 1960களிலேயே பேசியிருக்கிறார். அவர் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுப்பதே கேடு என்று அவர் சொல்லவில்லை. பொறுப்பு இன்னது என்று வெளிப்படையாக வரையறுத்துக் கொடுக்கப்பட்டால், வயதுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தால், அந்தப் பிள்ளை அதில் வளரவும் செய்யும். எல்லை சொல்லப்படாமல், அதிகாரமும் கொடுக்கப்படாமல், பொறுப்பு மட்டும் கைமாறும்போதுதான் பிள்ளை திணறிப்போகிறது. அண்ணன் பையில் புத்தகம் இல்லையென்றால் என்னைக் கேட்பார்கள்; ஆனால் அவனை எடுத்துவைக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, நான் தங்கை.

இதில் திருப்பம் வந்தது எனக்குப் பத்து வயது இருக்கும்போது. அண்ணனை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனால் நான் வெளியே நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அன்று அவர் கதவைத் திறந்து என்னையும் உள்ளே வரச் சொன்னார். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் இருக்கும்போதே, "வீட்டில் உனக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டார். நான் பெருமையோடு ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அந்தத் தாளை அம்மா பக்கம் திருப்பிவைத்தார். பட்டியல் அம்மா நினைத்திருந்ததைவிட நீளம் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மருத்துவர் கண்டிக்கவில்லை; ஒவ்வொரு வரிக்கும் எதிரே வேறொரு பெயரை எழுதச் சொன்னார். எழுப்புவதற்கு அலாரம். பை அடுக்குவதற்குக் கதவில் ஒட்டிய பட்டியல், அதைச் சரிபார்க்க அப்பா. மாத்திரைக்கு அம்மா. ஆசிரியரின் குறிப்புகளுக்கு ஆசிரியரும் பெற்றோரும் மட்டுமே கையாளும் ஒரு நாட்குறிப்பு. இடைவேளைக் காவலுக்கு எதிரே எந்தப் பெயரும் எழுதாமல் அந்த வரியை அடித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இவற்றில் எதுவும் இனி உன் வேலை இல்லை" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாரம் இறங்கிய அழுகை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் என்னிடமிருந்து ஒரு பதவியைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடமே அதுதான். அதைச் செய்வதால்தான் நான் நல்ல பிள்ளை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவர்களின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுமந்து பழகிய பிள்ளைக்குச் சுமைதான் அடையாளம். அதை இறக்கிவைக்கும்போது வேறு ஏதாவது அதன் கையில் இருக்க வேண்டும். எதையும் செய்யாமல் சும்மா இருந்தாலும் இந்த வீட்டில் தனக்கு இடம் உண்டு என்று அதற்குத் தெரிய வேண்டும். எனக்கு அது தெரிய வெகுகாலம் ஆயிற்று. இன்றைக்கும் யாராவது சிரமப்படுவதைப் பார்த்தால், கேட்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன்.

அன்று அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் நடந்தது. அதுவரை சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று நின்று, "இனிமேல் இவள் என் பையைத் திறக்கவே கூடாது, அப்படித்தானே?" என்று மருத்துவரிடம் கேட்டான். அவர் ஆமாம் என்றதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் அவனுக்கு உதவி செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்; வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். தன்னைவிட இளையவள் பள்ளி வாசலில், தன் வகுப்புப் பையன்கள் பார்க்க, தன் பையைச் சோதனை போடுவது அவனுக்கு ஒவ்வொரு நாளும் அவமானமாக இருந்திருக்கிறது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளை காலையிலிருந்து இரவுவரை திருத்தப்படும் பிள்ளை. ஆசிரியர் திருத்துகிறார், பெற்றோர் திருத்துகிறார்கள், அயலார்கூடத் திருத்துகிறார்கள். திருத்தாமல் கூட இருக்கக்கூடிய ஒரே ஆள் கூடப் பிறந்தவர்தான். அந்த ஒரே ஆளையும் மேற்பார்வையாளராக மாற்றிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது யார்? இந்த ஏற்பாட்டால் பாதிக்கப்படுவது தொந்தரவு தராத பிள்ளை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியவந்தது அந்த அறையில்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சீராகிவிடவில்லை. அவன் புத்தகங்களை மறந்தான், திட்டு வாங்கினான். அவன் பை திறந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை பரபரத்தது. ஆனால் எங்களுக்கிடையே ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்தது. பள்ளியில் நடந்ததை அவன் என்னிடம் சொல்லத் தொடங்கினான். அதற்கு முன் சொன்னதில்லை. சொன்னால் அது வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியும். போட்டுக்கொடுப்பதே வேலையாக வைக்கப்பட்ட ஒருத்தியிடம் யார்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்?

ஓரவஞ்சனையும் விளக்கமும்

அன்று மருத்துவர் இன்னொன்றும் செய்தார். ஏடிஹெச்டி என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் சேர்த்து, எங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னார். அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை, இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். சொல்லாத இடத்தைக் குழந்தையின் மனம் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. அவன் கெட்டவன் என்று நினைத்திருக்கிறேன். அவனை நான் மனதுக்குள் சபித்ததால்தான் இப்படி ஆகிவிட்டான் என்றும் நினைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அவன்தான் உயிர், நான் அப்புறம்தான் என்று உறுதியாகவே நம்பினேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நட்சத்திர அட்டவணை ஒன்று இருந்தது. சொன்ன நேரத்தில் உட்கார்ந்தால், கத்தாமல் கேட்டால் அண்ணனுக்கு நட்சத்திரம் உண்டு. ஐந்து சேர்ந்தால் அவன் விரும்பியது கிடைக்கும். நடத்தைப் பயிற்சியில் இது நன்கு சோதிக்கப்பட்ட முறை, பலனும் தந்தது. ஆனால் அவனுக்கு நட்சத்திரம் கிடைத்த அத்தனையையும் நான் தினமும் எதுவும் கேட்காமல் செய்துகொண்டிருந்தேன். அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வளரும் இன்னொரு பிள்ளைக்கு அது என்ன கற்றுக்கொடுக்கிறது என்று அதை மாட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அமண்டா கோவல், லாரி கிரேமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு, 11 முதல் 13 வயதுவரையான பிள்ளைகளிடம் பெற்றோர் காட்டும் வேறுபாட்டைப் பற்றிக் கேட்டது. வேறுபாடு இருப்பதைப் பிள்ளைகள் நன்றாகவே கவனித்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் அதை அநியாயம் என்று அவர்கள் கருதவில்லை. கூடப் பிறந்தவரின் வயது, குணம், தேவை என்று அதற்கான காரணம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. அப்படி நியாயமாகக் கருதியவர்களிடம் உடன்பிறப்பு உறவும் நன்றாக இருந்தது. என் அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் படித்ததில்லை. சரிக்குச் சரி பங்கு வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் விரும்புகிறார்கள். காரணம் தெரியாத வேறுபாடுதான் ஓரவஞ்சனையாகிறது.

அந்த விளக்கத்தை ஒருமுறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு, அண்ணனுக்குக் காத்திருப்பது ரொம்பக் கஷ்டம், அதைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பது போதும். பத்து வயதில் மருந்து என்ன செய்கிறது, எப்போது தீர்கிறது என்பதைச் சொல்லலாம். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளையே, இது எனக்கும் இருக்குமா, நாளைக்கு என் பிள்ளைகளுக்கு வருமா, அப்பா அம்மாவுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும், வாய்விட்டுக் கேட்காது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டான் மேயர் என்பவர் 1980களில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் உடன்பிறப்புகளுக்கென்றே விளையாட்டும் பேச்சும் கலந்த கூடுகைகளைத் தொடங்கி, அவை பல நாடுகளுக்குப் பரவின. தன்னைப் போலவே இன்னொரு வீட்டிலும் ஒரு பிள்ளை பென்சில் பெட்டியை ஒளித்துவைக்கிறது என்று தெரிவதே அங்கே வரும் குழந்தைகளுக்குப் பெரிய ஆசுவாசமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

விளக்கம் சாக்காக மாறிவிடவும் கூடாது. அவனால் கட்டுப்படுத்த முடியவில்லை என்பது காரணம். அடி வாங்கிய பிள்ளைக்கு வலிக்கவில்லை என்று அதற்குப் பொருளாகாது. அந்தப் பிள்ளையின் பொருட்களுக்குப் பூட்டுள்ள ஓர் இழுப்பறை வேண்டும். சண்டை முற்றும்போது போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். உடைந்த பொருளை உடைத்தவன் ஏதோ ஒரு வகையில் ஈடுசெய்ய வேண்டும். நாள்தோறும் அடிதடியாக இருந்தால் அது உடன்பிறப்புச் சண்டை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தியே அதுதான். அவன்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், "பாவம், அவன்..." என்று தொடங்காமல், "கோபம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளப் பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை ஏங்கியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

தொந்தரவு தராத பிள்ளையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏடிஹெச்டி பெருமளவு மரபுவழி வருவது. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. ஒரு பிள்ளைக்கு இருந்தால் உடன்பிறந்த பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஓடியாடும் துறுதுறுப்பு இல்லாமல் கவனச் சிதறல் மட்டுமே உள்ள வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் அது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. மூத்தவனின் ஆர்ப்பாட்டத்தை அளவுகோலாக வைத்துப் பார்க்கும் வீட்டில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இளையவள் அமைதியான குழந்தையாகத்தான் தெரிவாள். எனக்கு அது இல்லை. ஆனால் இரவில் மூன்று முறை எழுந்து பையைச் சரிபார்க்கும் பதற்றம் எனக்கு இருந்தது. அதையும் பொறுப்பு என்றே அழைத்தார்கள்.

அண்ணனுக்கும் எனக்கும் இப்போது நல்ல உறவு. அவன் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. நான் அதை மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவதில்லை, நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். எங்கள் பெற்றோரின் பிற்காலத்தைப் பற்றி முதலில் பேச்செடுத்தவன் அவன்தான். இந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன் அவனிடம் கொடுத்து, உன்னைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று கேட்டேன். முழுவதையும் படித்தான். சுழல் நாற்காலி சரி, குளியலறை சரி என்றான். ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது என்றான்.

"உலக வரைபடம். அன்றைக்கு எனக்குக் கை கட்டுப்படாமல் போகவில்லை. அம்மா அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே இருந்தாள், எனக்கு வயிறு எரிந்தது. நீ தூங்கும்வரை விழித்துக் காத்திருந்து கிழித்தேன். அதை ஏடிஹெச்டி கணக்கில் எழுதாதே, என் கணக்கில் எழுது."

அன்று மாலை அவனைத் தொலைபேசியில் அழைத்து, இத்தனை ஆண்டுகளாகப் படாத கோபத்தையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பாதியில் கவனம் வேறெங்கோ போய்விட்டது போலிருக்கிறது, "கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டேன், மறுபடி சொல்" என்றான். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.